மோட்டர் வண்டியின் பாரமும் அதன் உடற்பொருளும்

எரிபொருளின் அருமையை நம் நாட்டவர்க்கு நூல்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் சிறுதுளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் பழைய மாணவரிற் பலர். 2022ஆம் ஆண்டிலோ நாடு முழுவதுமே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு பங்கீட்டு முறை தொடங்கியபோது காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரும் மோட்டர்ச் சைக்கிளுக்கு 4 லீற்றருமே உரித்தாயின. அந்த 20 லீற்றரில் ஒருவர் எவ்வளவு தூரம் செல்வார் என்பது எஞ்சினை மாத்திரம் பொறுத்ததன்று. தம்மோடு எவ்வளவு உலோகத்தைச் சுமந்து செல்கிறார் என்பதையும் பொறுத்தது. 60 கிலோகிராம் நிறையுள்ள மனிதரொருவர் 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியில் தனித்து அமர்ந்து சந்தைக்குச் சென்று மீளுகின்றார். செலவான எண்ணெயிற் பெரும்பங்கு வண்டி தன்னைத் தானே சுமப்பதற்கே போயிற்று. இப்பாரத்தைக் குறைக்கும் வழிகளைத் தேடி உலகப் பொறியியலாளர் நூறாண்டுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். அம்முயற்சியின் அடிப்படைக் கணக்கையும், அதில் வெற்றி தந்தவை எவை, தாராதவை எவை என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

பாரத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள தொடர்பை முதலில் அளந்துகொள்ளல் வேண்டும். ஓடும் வண்டியை எதிர்ப்பவை நான்கு: சில்லுகளின் உருளல் எதிர்ப்பு, காற்றின் தடை, வேகங்கொள்ளும்போது திணிவின் சடத்துவம், மேடேறும்போது புவியீர்ப்பு. இவற்றுட் காற்றொன்றே பாரத்தைப் பாராதது. ஏனைய மூன்றும் பாரத்துக்கு நேர்விகிதசமமாய் ஏறுபவை. 1,000 கிலோகிராம் காரொன்றுக்கு நல்ல தார் வீதியில் உருளல் எதிர்ப்பு அதன் நிறையில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு, அதாவது 98 நியூற்றன் அளவாகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் தடை ஏறத்தாழ 75 நியூற்றன். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது நான்கு மடங்காகி 300ஐ எட்டும். ஆகவே நெடுஞ்சாலையில் விரைபவருக்கு வண்டியின் வடிவமும், நகரத்தில் நின்று நின்று செல்பவருக்கு அதன் பாரமும் முதன்மை பெறுகின்றன.

நின்று நின்று செல்வதன் விலையையும் கணிக்கலாம். அதே கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை அடையும்போது அதனுள் ஏறத்தாழ 96 கிலோயூல் இயக்கப்பண்புச் சத்தி சேர்ந்திருக்கும். பிரேக்கை மிதித்தவுடன் அவ்வளவும் வெப்பமாகி வீணாகும். ஒரு லீற்றர் பெற்றோலில் உறைவது ஏறத்தாழ 32 மெகாயூல். அதில் எஞ்சின் காலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், லீற்றரொன்றுக்கு 8 மெகாயூல் கிடைக்கும். எனவே 80 முறைக்குச் சற்று மேலாக நின்று புறப்பட்டாலே, தூரம் எதுவும் கணக்கில் வராமல், ஒரு லீற்றர் தீர்ந்துவிடும். கொழும்பில் காலி வீதிவழியே காலையிற் பணிக்குச் செல்பவர்க்கு இக்கணக்குப் புதிதன்று.

மலையேற்றமோ இதனினுங் கொடிது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பிலிருந்து 1,000 கிலோகிராம் காரை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கு மாத்திரம் 18.3 மெகாயூல் வேண்டும். அதாவது உராய்வையும் காற்றையும் அறவே நீக்கிப் பார்த்தாலும் 2.3 லீற்றர். வண்டியில் 100 கிலோகிராமைக் குறைத்தால் ஒவ்வோர் ஏற்றத்திலும் ஏறக்குறையக் கால் லீற்றர் மிஞ்சும். இறங்கும்போது அச்சத்தியில் ஒரு பகுதி வண்டியை உருட்ட உதவும் என்பது மெய்யே. ஆயினும் வளைவு தோறும் பிரேக்குப் பிடிக்கும் மலைநாட்டு வீதியில் பெரும்பகுதி பிரேக்கின் சூடாகவே கழியும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த ஆய்வாளர், வண்டியின் பாரத்தை நூற்றுக்கு 10 குறைத்தால் எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு 6 முதல் 8 வரை உயரும் என்பர். இதில் ஒரு நிபந்தனை உண்டு. உடல் இலேசாகியபின் எஞ்சினையும் அதற்கேற்பச் சிறிதாக்கல் வேண்டும்; பழைய பெரிய எஞ்சினையே வைத்துக்கொண்டால் இப்பயனில் ஒரு பகுதி கைநழுவும். இங்கே பாரக்குறைவு தானே மேலும் பாரத்தைக் குறைக்கும் ஓர் இனிய தொடர்ச்சியும் உண்டு. உடல் இலேசானால் சிறிய பிரேக்கு, சிறிய வில், சிறிய எண்ணெய்த் தாங்கி ஆகியவையே போதும். அவை சிறிதாகவே அவற்றைத் தாங்கும் சட்டமும் சிறிதாகலாம்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1908இல் என்றி போர்ட் வெளியிட்ட 'ரி' மாதிரிக் கார் ஏறத்தாழ 1,200 இறாத்தல், அதாவது 540 கிலோகிராம் நிறையே உடையது. பாரமே வலிமை என்ற அக்கால எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. வனேடியம் கலந்த உருக்கின் மிகுந்த வலிமையால் அச்சுகளையும் விற்களையும் மெலிதாக்கினார். மிக வலிய பொருளைச் சிறிதளவே இடுதல் என்னும் அவ்வழி இன்றும் முதன்மையான வழியாக நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். பாரத்தைக் குறைக்க வேண்டுமாயின் இலேசான உலோகத்தால் வண்டியைச் செய்தாற் போதுமே என்று மாணவர் எண்ணுவது இயல்பு. உருக்கின் அடர்த்தி கன சதமமீற்றருக்கு 7.85 கிராம், தைத்தானியம் 4.5, அலுமினியம் 2.7, மகனீசியம் 1.74. ஆயின் மகனீசியத்தாற் செய்த வண்டி உருக்கு வண்டியின் கால்வாசிப் பாரமே இருக்கும் அன்றோ? இல்லை. இலேசான உலோகங்கள் அதே அளவுக்கு நெகிழ்ந்து கொடுப்பனவும் ஆகும். நெகிழாமையின் அளவாகிய யங்கின் மட்டை நோக்குக. உருக்கிற்கு அது 200 கிகாபஸ்கால், தைத்தானியத்துக்கு 110, அலுமினியத்துக்கு 70, மகனீசியத்துக்கு 45. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். உருக்கு 25.5, தைத்தானியம் 24.4, அலுமினியம் 25.9, மகனீசியம் 25.9 என விடைகள் கிடைக்கும். நான்கும் ஏறத்தாழ ஒன்றே! ஒரு கோலை நீளவாட்டில் இழுக்கும்போது அது இத்துணைதான் நீளலாம் என்று வரையறுத்துவிட்டால், எவ்வுலோகத்தைக் கொண்டாலும் கோலின் பாரம் மாறாது. அலுமினியக் கோல் மூன்று மடங்கு தடிப்பாக வேண்டும், அவ்வளவே. இயற்கை நான்கு உலோகங்களுக்கும் ஒரே நீதியை வழங்கியிருப்பது வியப்புக்குரியது.

அங்ஙனமாயின் அலுமினியத்தால் விளையும் பயன் எங்கிருந்து வருகிறது? தடிப்பிலிருந்து வருகிறது. தகடொன்று வளைவதை எதிர்க்கும் வன்மை அதன் தடிப்பின் கனத்துக்கு விகிதசமமாகும். தடிப்பை இரட்டித்தால் வளைவெதிர்ப்பு எட்டு மடங்காகும். ஆகவே உருக்குத் தகட்டுக்குச் சமமான விறைப்பைப் பெற அலுமினியத் தகடு மூன்று மடங்கு தடிப்பாக வேண்டியதில்லை, 1.42 மடங்கே போதும், ஏனெனில் 1.42ஐ மும்முறை பெருக்க 2.86 வரும், 200ஐ 70ஆல் வகுத்தாலும் அதுவே வரும். 0.8 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டின் சதுர மீற்றரொன்று 6.3 கிலோகிராம். அதற்கு ஈடான 1.14 மில்லிமீற்றர் அலுமினியத் தகடோ 3.1 கிலோகிராம். பாதிப் பாரம்! பொனற், கூரை, கதவு, பின்மூடி ஆகிய அகன்ற தகடுகளில் அலுமினியம் வெல்வதும், இழுவையைத் தாங்கும் கோல்களில் அது வெல்லாததும் இதனாலேயே.

இதிலிருந்து வேறோர் உண்மையும் புலனாகும். பொருளை மாற்றாது வடிவத்தை மாற்றினும் பாரம் குறையும். நாமெல்லாரும் ஏறி ஓடிய துவிச்சக்கர வண்டியே இதற்குச் சான்று. அதன் சட்டம் குழாய்களால் ஆனது. 25 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புமுள்ள உருக்குக் குழாயொன்றை உருக்கி அதே நீளமான திண்கோலாக வார்த்தால், கோலின் விட்டம் 12 மில்லிமீற்றர்கூட வராது. வளைவை எதிர்ப்பதில் குழாய் அக்கோலினும் ஏறக்குறைய எட்டு மடங்கு மேம்படும். உருக்கு அதே உருக்கு. பாரம் அதே பாரம். பொருளை நடு அச்சினின்றும் அப்பால் நிறுத்தியது ஒன்றே வேறுபாடு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கார்கள் தனிச்சட்டத்தைக் கைவிட்டு, உடலே சட்டமாகும் ஓருடல் அமைப்புக்கு மாறியமை இத்தத்துவத்தின் பயன். கார் முழுவதுமே ஒரு பெருங்குழாயாயிற்று எனலாம்.

அலுமினியத்தின் வரலாற்றில் இரண்டு செய்திகளை மாணவர் அறிந்திருத்தல் நன்று. தூய அலுமினியம் மென்மையானது; வண்டிக்கு ஆகாது. 1906இல் யேர்மனியில் அல்பிரட் வில்ம் என்பவர் செம்பும் மகனீசியமும் சிறிதளவு சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் தோய்த்து வலிமையைச் சோதித்தார். சில நாட்கழித்து அதே துண்டை மீண்டும் சோதித்தபோது, யாரும் தொடாமலே அது வலுத்திருக்கக் கண்டார். கலந்த அணுக்கள் உலோகத்தினுள்ளே மெல்லத் திரண்டு நுண்ணிய மணிகளாகிப் படிகத் தளங்கள் வழுக்குவதைத் தடுத்தமையே காரணமென்பது பின்னர் தெரியவந்தது. இன்றைய கார்த் தகடுகளில் மகனீசியமும் சிலிக்கனும் கலந்த வகை பயன்படுகிறது. தொழிற்சாலையில் மென்மையாக இருக்கும்போதே அதை அச்சிலிட்டு வளைத்து, வண்ணம் பூசிய பின் ஏறத்தாழ 180 பாகைச் சூட்டில் உலர்த்துவர். வண்ணம் உலரும்போதே உலோகமும் வலுக்கும். ஒரே அடுப்பில் இரு வேலை! இல்லத்தரசியரின் சிக்கனத்தை நினைவூட்டும் இத்தகைய உபாயங்களே பொறியியலுக்கு அழகு.

இரண்டாவது செய்தி லாண்ட்றோவர் பற்றியது. 1948இல் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் வெளிவந்த அவ்வண்டியின் உடற்றகடுகள் அலுமினிய–மகனீசியக் கலப்புலோகத்தால் ஆனவை. எரிபொருளைச் சேமிக்கும் எண்ணம் அப்போது எவருக்கும் இருக்கவில்லை. போரின்பின் பிரித்தானியாவில் உருக்குப் பங்கீட்டில் இருந்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் அதைக் கொண்டனர். சட்டத்தை மட்டும் பெட்டிவடிவ உருக்கால் அமைத்தனர். நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்த அவ்வண்டிகளில், உடல் கெடாதிருக்கச் சட்டம் கறள்பிடித்துப் போனதைப் பலர் கண்டிருப்பர்.

எண்ணியே அலுமினியத்தைக் கொண்ட முயற்சிகள் பின்னர் வந்தன. 1990இல் யப்பானின் கொண்டா நிறுவனம் முழு அலுமினிய ஓருடலுடன் 'என்.எஸ்.எக்ஸ்.' என்னும் பந்தய நடையுள்ள காரையும், 1994இல் யேர்மனியின் ஔடி நிறுவனம் 'ஏ8' என்னும் செல்வர் காரையும் வெளியிட்டன. இவை சிலர்க்கே உரியவை. பெருந்தொகையில் விற்கும் வண்டிக்கு அலுமினிய உடல் வந்தது 2015ஆம் ஆண்டு மாதிரியான போர்ட் 'எவ்-150' சுமைவண்டியோடுதான். அதன் பாரம் 700 இறாத்தல் வரை, அதாவது 318 கிலோகிராம் வரை குறைந்தது. அங்கும் அடிச்சட்டம் உயர்வலு உருக்காகவே இருந்தது.

அலுமினியத்தோடு தொல்லைகளும் வந்தன. உருக்குத் தகடுகளை மின்னோட்டத்தாற் புள்ளி புள்ளியாக ஒட்டுவது எளிது. அலுமினியமோ மின்னையும் வெப்பத்தையும் விரைந்து கடத்திவிடும். அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படை 2,000 பாகைக்கு மேலேயே உருகும், உள்ளிருக்கும் உலோகமோ 660 பாகையில் உருகிவிடும். ஆதலின் தகட்டைத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் தறையாணிகளையும் வலிய பசைகளையும் நாடினர். அடிபட்ட பொனற்றைத் தட்டி நிமிர்த்தும் நம்மூர் கராச் வேலையும் இங்கே முன்போற் செல்லாது. அன்றியும், அலுமினியத்தை உருக்கோடு நேரே பொருத்தி உப்பீரம் படவிட்டால் அங்கே ஒரு சிறு மின்கலமே தோன்றி அலுமினியத்தை அரித்துவிடும். நாற்புறமும் கடற்காற்று வீசும் தீவில் வாழ்பவர் இதனை மறத்தலாகாது.

இனி, விற்பனைக்குரிய விளம்பரங்கள் பெரும்பாலும் கூறாத கணக்கொன்றைப் பார்ப்போம். எரிபொருளைச் சேமிக்கச் செய்த தகடு தான் பிறப்பதற்கே எவ்வளவு எரிபொருளை உண்டது? 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்ட மின்பகுப்பு முறையினாலேயே இன்றும் அலுமினியம் எடுக்கப்படுகிறது. கிலோகிராமுக்கு 13 முதல் 15 கிலோவாற்று மணி மின்சாரம் அதற்கு வேண்டும். 16 கிலோகிராம் உருக்குப் பொனற்றுக்குப் பதிலாக 8 கிலோகிராம் அலுமினியப் பொனற் இட்டதாகக் கொள்வோம். 8 கிலோகிராமுக்கு 112 கிலோவாற்று மணி, அதாவது ஏறத்தாழ 400 மெகாயூல் மின்சாரம். அது நிலக்கரியை எரித்துப் பிறப்பித்த மின்சாரமாயின், மூன்று மடங்கு வெப்பம், 1,200 மெகாயூல், செலவாகியிருக்கும். ஊதுலையில் எடுத்த 16 கிலோகிராம் உருக்கிற்கு 300 மெகாயூலுக்குச் சற்று மேலே போதும். ஆகவே புதிய பொனற் ஏறத்தாழ 900 மெகாயூல் கடனோடு பிறக்கிறது. வரவு எவ்வளவு? 100 கிலோகிராம் குறைந்தால் 100 கிலோமீற்றருக்கு 0.3 லீற்றர் மிஞ்சும் என்பது பொதுவாகக் கொள்ளும் ஓர் அளவு. நம் 8 கிலோகிராமுக்கு அது 0.024 லீற்றர். இவ்வாறு கணித்தால் வண்டி 115,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பின்னரே கடன் தீரும். பொக்சைற்றைத் தூய்மையாக்கும் செலவையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆண்டொன்றுக்கு 10,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! நாள்தோறும் ஓடும் வாடகை வண்டிக்கோ இரண்டே ஆண்டு.

இக்கணக்கைக் கண்டு அலுமினியத்தை இகழ்தல் வேண்டா. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் ஆக்குவதற்குப் புதிதாக எடுப்பதன் சத்தியில் இருபதிலொரு பங்கே வேண்டும். அத்தகைய தகடாயின் கடனென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நீர்மின்சாரத்தால் எடுத்ததாயினும் நிலக்கரிக் கடன் நீங்கும். எனவே, அலுமினியம் நல்லதா என்று வினாவுவதிலும், எந்த அலுமினியம், எவ்வளவு ஓடும் வண்டிக்கு என்று வினாவுவதே முறை.

மகனீசியத்தையும் தைத்தானியத்தையும் நீளப் பேசவேண்டியதில்லை. பழைய வொல்க்ஸ்வாகன் 'வண்டு' காரின் எஞ்சின் உறை மகனீசியக் கலப்புலோகத்தால் ஆனது. இன்றும் சுக்கான் சில்லின் சட்டம், இருக்கைச் சட்டம் போன்ற வார்ப்புகளுக்கு அது ஏற்றது. தீப்பற்றினால் அதனை அணைத்தல் அரிது. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் பார்வையாளர் எண்பதின்மருக்கு மேல் மாண்ட விபத்தில் எரிந்த மெர்சிடிஸ் காரின் உடல் மகனீசியக் கலப்புலோகமே. தைத்தானியத்தின் மூலமாகிய இல்மனைற் நம் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் நிறைய உண்டு என்று பெருமை கொள்கிறோம். ஆயின் உலகில் அம்மணலிற் பெரும்பகுதி வெள்ளை வண்ணப் பொடியாகவே முடிகிறது, உலோகமாக்குதல் பெருஞ்செலவு. விமானத்துக்குச் சரி, காருக்கு அது கட்டாது.

நால்வகை உலோகத்துக்கும் பொதுவான அந்த 25 என்ற எல்லையைத் தாண்டிய பொருள் ஒன்று உண்டு. அது காபன் நார். 1960களில் யப்பானிலும் இங்கிலாந்தின் பாண்பரோ விமான ஆய்வுகூடத்திலும் அதன் ஆக்கமுறை உருப்பெற்றது. செயற்கை நூலிழையொன்றை முதலில் 200 முதல் 300 பாகைச் சூட்டில் காற்றில் வாட்டி, பின்னர் ஒட்சிசன் படாது 1,000 பாகைக்கு மேற் கருக்கினால், ஏனைய மூலகங்கள் நீங்கிக் காபன் அணுக்கள் இழையின் நெடுக்கே வரிசையாக எஞ்சும். அவ்விழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கிப் பதப்படுத்திய பொருளின் யங்கின் மட்டை அடர்த்தியால் வகுத்தால் 80க்கு மேல் வரும், உருக்கினும் மும்மடங்கு. ஆயின் இது இழை ஓடும் திசையில் மாத்திரமே. குறுக்கே இழுத்தால் பிசினே தாங்கவேண்டும். அங்கே விடை ஆறு, ஏழுக்குமேல் ஏறாது. விறகு நெடுக்கே பிளப்பது போலத்தான். ஆகையால் விசை எப்பக்கமிருந்து வரும் என்பதை முன்னறிந்து இழைகளை அடுக்குதல் வேண்டும். எல்லாப் பக்கமும் வரும் என்றால் எல்லாப் பக்கமும் அடுக்கவேண்டும். அப்போது மும்மடங்குச் சிறப்பும் கரைந்துபோகும்.

1981இல் மக்லாரன் நிறுவனத்துக்காக யோன் பாணாட் அமைத்த 'எம்.பி.4/1' பந்தயக் காரே காபன் நாரால் ஓருடல் செய்த முதற் போர்மூலா வண் கார். அவ்வாண்டே இத்தாலியின் மொன்சாவில் யோன் வொற்சன் ஓட்டிய அக்கார் மோதி எஞ்சின் வேறு உடல் வேறாகப் பிரிந்தது. அவரோ தாமாகவே எழுந்து நடந்து வந்தார். கரியாற் செய்த கார் நொறுங்கிப்போம் என்றிருந்த ஐயம் அன்றோடு அகன்றது. பொதுமக்களுக்கான காரில் இதனைப் பேரளவிற் கையாண்டது பி.எம்.டபிள்யூ. நிறுவனம். 2013இல் வெளிவந்த 'ஐ3' மின்சாரக் காரின் பயணிகள் அறை காபன் நாராலும் அடிப்பாகம் அலுமினியத்தாலும் ஆயின. நாரைக் கருக்கும் சத்திக்கடனைத் தீர்ப்பதற்கென்றே அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் நீர்மின்சாரம் உள்ள இடத்தில் ஆலையை நிறுவினர். மூல இழை யப்பானில், கருக்கல் அமெரிக்காவில், நெசவும் பூட்டலும் யேர்மனியில். 2022இல் அக்காரின் ஆக்கம் நின்றது. அதற்கடுத்து வந்த கார்களில் காபன் நார் பெரிதும் சுருங்கிவிட்டது. விலை ஒரு காரணம். உலர்ந்து இறுகிய பிசினை மீண்டும் உருக்க முடியாமை வேறொன்று. பழுதானதைச் சுட்டுப் பிசினை எரித்து எடுக்கும் நார் குறுகியதும் தரங்குறைந்ததுமே.

இவ்வளவுக்கும் இடையில் பழைய உருக்கு வாளாவிருக்கவில்லை. 1970களில் சுவீடனில் தோன்றிய ஒரு முறையைப் பாருங்கள். மங்கனீசும் மிகச் சிறிதளவு போரனும் கலந்த உருக்குத் தகட்டை 900 பாகைக்குச் சூடாக்கி, செந்தணலாய் இருக்கும்போதே நீரோடிக் குளிர்ந்த அச்சுகளுக்கிடையில் அழுத்துவர். வடிவும் பதமும் ஒருங்கே அமையும். கொல்லன் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதன் பெருவடிவம் இது. சாதாரணத் தகடு 300 மெகாபஸ்கால் அளவில் அறுமாயின், இது 1,500 வரை தாங்கும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வலிமை ஐந்து மடங்கானாலும் யங்கின் மட்டு அதே 200தான். ஆகவே மோதலைத் தாங்கவேண்டிய தூண்களிலும் கதவின் குறுக்குச் சலாகைகளிலும் இவ்வுருக்கை மெலிதாக இட்டுப் பாரத்தைக் குறைக்கலாம். விறைப்பே வேண்டப்படும் பொனற்றில் இதனால் ஒரு பயனும் இல்லை. அலுமினியம் எங்கே வெல்கிறதோ அங்கே இது தோற்கும்; அது எங்கே தோற்கிறதோ அங்கே இது வெல்லும்.

இதன் வல்லமைக்கு இரு சான்றுகள். 1974இல் வந்த முதல் வொல்க்ஸ்வாகன் 'கோல்வ்' ஏறத்தாழ 800 கிலோகிராம். குளிரூட்டி, காற்றுப் பைகள், ஒலித்தடைகள் என ஒவ்வொன்றாய்ச் சேர, ஆறாந் தலைமுறையில் அது 1,200ஐ எட்டியது. பொருளியலாற் பெற்றதை வசதியால் இழந்தனர் என்க. 2012இல் ஏழாந் தலைமுறையே முதன்முதலாகக் குறைந்தது; 100 கிலோகிராம் வரை குறைந்த அவ்வண்டியின் உடல் பெரிதும் உயர்வலு உருக்கே; இச்சூட்டழுத்த உருக்கும் அதில் அடங்கும். இரண்டாவது, 2014 டிசெம்பரில் யப்பானில் வெளிவந்த சுசுக்கி 'அல்ரோ'. அதன் மிக இலேசான வகை 610 கிலோகிராம். முந்தியதினும் 60 குறைவு. அதன் உடலும் உருக்கே. உயர்வலு உருக்கும், தேவையற்ற வளைவுகளை நீக்கி விசை ஓடும் வழியில் ஒழுகவிட்ட அடிச்சட்டமுமே அதன் இரகசியம். அதன் இனமான வகன் ஆர் வண்டிகள் நம் வீதிகளில் ஓடிக்கொண்டிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். காபன் நார் வண்டியைக் காண்பது அரிது. எளிய நாட்டார் எந்த வழியைப் பின்பற்றுவது நலம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மின்சாரக் கார்கள் வந்தபின் பாரம் பற்றிக் கவலை எதற்கு என்பாரும் உளர். பிரேக்குப் பிடிக்கும்போது இயக்கச் சத்தியில் ஒரு பகுதியை அவை பற்றரிக்கு மீட்டுக்கொள்வது உண்மையே. உருளல் எதிர்ப்பை மீட்க வழியில்லை. ரயரின் தேய்வையும் வீதியின் தேய்வையும் மீட்கவும் வழியில்லை. பாரமான வண்டிக்குப் பெரிய பற்றரி வேண்டும். பெரிய பற்றரி வண்டியை மேலும் பாரமாக்கும். 2021இன் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த 'ஹமர்' மின்சார வண்டி 4,000 கிலோகிராமைத் தாண்டியது. அதன் பற்றரி மாத்திரமே ஏறத்தாழ 1,300 கிலோகிராம். இரண்டு அல்ரோக்களின் பாரம். இதைச் சமாளிக்க, 2020 முதல் ரெஸ்லா நிறுவனம் 6,000 தொன் விசையுள்ள பொறிகளால் காரின் பின்னடியைப் பெரிய அலுமினிய வார்ப்புகளாக வார்க்கத் தொடங்கியது. ஒட்டுகளும் பாரமும் குறைந்தன. அவ்வார்ப்பில் வெடிப்பு விழுந்தால் எங்கே கொண்டுபோய்த் திருத்துவது என்பதை நம் போன்ற நாட்டவர் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

மேலே கூறிய கணக்கைக் கல்லூரி விஞ்ஞானகூடத்திலேயே மாணவர் சோதித்துப் பார்க்கலாம். 25 மில்லிமீற்றர் அகலமுள்ள இரு பட்டைகள் வேண்டும்: 1 மில்லிமீற்றர் தடிப்பான உருக்கு ஒன்று, 3 மில்லிமீற்றர் தடிப்பான அலுமினியம் ஒன்று. ஒரே நீளத்தில் வெட்டித் தராசில் இட்டால் இரண்டின் நிறையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் மேசை விளிம்பில் இறுகப் பிணித்து 300 மில்லிமீற்றர் வெளியே நீட்டுக. வெறும் பட்டையின் முனை நிற்கும் உயரத்தை முதலிற் குறித்துக்கொண்டு, பின்னர் 50 கிராம் படியைத் தொங்கவிட்டு மீண்டும் அளக்க. உருக்கு 10 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகத் தாழும். அலுமினியமோ 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான். அடுத்து, அதே உருக்குப் பட்டையின் இரு ஓரங்களையும் நெடுக மடித்து ஓடுபோலாக்கி மீண்டும் சோதிக்க; அது தாழ்வதைக் கண்ணாற் காண்பதே அரிதாகும், நுண்மானியைத் தேடவேண்டி வரும்.